காஜா இல்லாத டாப்பும் வெந்தயக் கலர் பாவாடையும்

இந்த முறை மதுரைக்குக் கிளம்பும்போது பெட்டியில் முக்கால்வாசி முடிந்த ஒரு டாப்பையும் வைத்துக்கொண்டேன். நானே வெட்டி நானே தைத்தது. பொத்தான் ஐந்தும் தனியாக ஒரு சின்னக் கவரில். காஜா, அதாவது பொத்தான் நுழையும் ஓட்டை, மட்டும் இல்லை. ஜெர்மனியில் என்னிடம் இருக்கும் மிஷின் நேர்த்தையல் நன்றாகத்தான் போடும். காஜா என்றால் இரண்டாவதிலேயே நூலைக் கக்கிவிடும். போன வருடம் ஒரு சட்டையின் முன்பக்கத்தையே கடித்துக் குதறிவிட்டது. அதிலிருந்து நான் அந்த வேலைக்குப் போவதில்லை.

துணி, முன்பொரு தடவை ஊரிலிருந்து கொண்டுபோன சுங்குடிச் சேலை. அரக்கில் வெள்ளைப் புள்ளி, வெந்தயக் கலர் பார்டர். சேலையாகக் கட்ட அங்கே வருடத்துக்கு ஒரு நாள் வாய்த்தாலே அதிசயம் என்பதால் கத்தரியை எடுத்துவிட்டேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். பார்டர் காலரிலும் கை விளிம்பிலும் கீழ் மடிப்பிலும் வருகிற மாதிரி வைத்துத் தைத்தேன். ஐந்து காஜா, பொருத்தமாக ஒரு பாவாடை. மூன்று வார விடுமுறையில் எனக்கு ஆக வேண்டிய வேலை இவ்வளவுதான்.

சித்தி வீட்டுத் தெருவில் இருக்கும் டெய்லர் அக்காவிடம் கொண்டுபோனேன். "காஜா நாங்க போடுறதில்லம்மா, காஜா கடைக்குப் போங்க" என்றார். மறந்தே போயிருந்தேன், ஊரில் இதற்கென்றே தனிக்கடை உண்டு. ஓர் ஆள், ஒரு காஜா மிஷின், பக்கத்தில் துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஒரு ஓவர்லாக் மிஷின். சுற்றியுள்ள டெய்லர்கள் எல்லாரும் சட்டைகளை மூட்டையாகக் கட்டி அவரிடம்தான் அனுப்புகிறார்கள்.

அவர் பொத்தான் பட்டியை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "உள்ள கேன்வாஸ் வச்சிருக்கீங்களா?" என்றார். பட்டி விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் துணி அது. வைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே தலையாட்டினேன். கழுத்திலிருந்து கீழே வரை ஸ்கேல் வைத்துச் சம தூரத்தில் ஐந்து கோடு போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் சாக்பீஸை எடுத்தார். "நெஞ்சுக்கு நேரா ஒண்ணு வந்தே ஆகணும். இல்லன்னா உக்காரும்போது அங்கதான் வாயைத் திறக்கும். அதை முதல்ல வச்சுட்டு மத்ததை மேலயும் கீழயும் பிரிங்க." என் கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். இரண்டு வருடம் தையல் வகுப்புக்குப் போயிருக்கிறேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை, அல்லது சொன்னபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காஜா ஒன்றுக்கு 5 ரூபாய், மொத்தம் 25. அங்கே ஒரு ஜிப் மாற்ற ஒரு வாரம் காத்திருந்து 20 யூரோவுக்கு மேல் அழுதவள் நான்.

பாவாடை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. துணி, தையல் என்றால் என் கால்கள் தானாகப் புது மண்டபத்துக்குத்தான் போகும். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது, மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே. சின்ன வயதில் பார்த்த காட்சி: சிற்பத் தூண்கள், தூணுக்குத் தூண் நடுவே தடதடக்கும் தையல் மிஷின்கள். கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அதுதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனாலும் வெயிலில் அங்கே போய் நின்றபோது யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொல்லாமல் போன மாதிரி இருந்தது.

முதலில் ஒரு பெரிய கடையில் ரெடிமேட் பாவாடை பார்த்தேன். விற்பனைக்கு நின்ற பெண் டாப்பை வாங்கி, அச்சு அசல் அதே அரக்கில் ஒன்றை எடுத்துப் போட்டாள். கடை வெளிச்சத்தில் இரண்டும் அக்கா தங்கை. வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் பாவாடை காப்பிப்பொடி நிறம்! உள்ளே திரும்பிப் போய்க் கேட்டேன். பில் போட்டது போட்டதுதான், வேண்டுமானால் அதே விலைக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சித்திக்கு ஒரு நைட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் புத்தி வந்து மேட்சிங் சென்டருக்குப் போனேன். வெளிநாட்டில் எவ்வளவு பெரிய துணிக்கடைக்குப் போனாலும் எனக்கு இந்தக் கடைக்கு ஈடாக ஒன்று அகப்பட்டதில்லை. தரையிலிருந்து கூரை வரை லைனிங்கும் பாப்ளினும் டூ பை டூவும் நிறவாரியாக அடுக்கி, இடையில் ஒரு விரல் நுழையாது. நிறங்களுக்கு நம்பர் இல்லை, பெயர்தான். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, மாந்துளிர், வெங்காயக் கலர், எம்.எஸ். ப்ளூ. கடைசியாகச் சொன்னது எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய சேலையால் வந்த பெயர்.

கடை அண்ணன் டாப்பைக் கையில் வாங்கியதுமே திருப்பிப் பார்த்தார். "இது கட்டிப் போட்ட சுங்குடில்ல?" புள்ளிகள் ஒன்றுபோல் இல்லாததை வைத்துச் சொன்னார். துணியைச் சின்னச் சின்ன முடிச்சாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்; கை கட்டிய முடிச்சு என்பதால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாதிரி. மதுரை சௌராஷ்டிரர்களின் கைவேலை இது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். "தரைக் கலரே ஓரிடத்துல அடர்த்தி, ஓரிடத்துல வெளுப்பு. இதுக்கு எந்த அரக்குன்னு மேட்ச் பண்ணுவீங்க? அரக்கை விட்டுடுங்க" என்றார்.

வெள்ளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம். பார்டர் கலரான வெந்தயத்தைப் போட்டால் நன்றாக இருந்தது, ஆனால் டாப்பின் கீழ் பார்டரும் பாவாடையும் தொடும் இடத்தில் இரண்டும் கலந்து, டாப் நாலு விரல் குட்டையாகிவிட்ட மாதிரி தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. டாப்பின் கீழ்ப்பகுதியை உள்ளே மடித்து, துணியை மேலே சாத்தினார். இப்போது வெந்தயம் காலரிலும் கையிலும் மட்டும், கீழே முழுப் பாவாடையாக. அவ்வளவுதான் விஷயம். அப்புறம் இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துக் காட்டினார். ரெடிமேட் கடையில் யாருக்கும் தோன்றாத காரியம்.

பாப்ளின் வேண்டாம், டாப்பை உள்ளே விட்டுக்கொண்டால் மடிப்பெல்லாம் வெளியே தெரியும் என்று கெட்டியான கைத்தறிப் பருத்தி கொடுத்தார். 44 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர், கூடவே லைனிங்.

அதை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். எனக்குக் கொசுவம் வைத்த பாவாடைதான் ஆசை. "உள்ள டாப்பையும் சொருகி, மேல கொசுவமும் வச்சா இடுப்புல தலகாணி கட்டின மாதிரி இருக்கும்" என்று ஆறு பீஸ் கட்டிங் போட்டார். இடுப்பில் தட்டையாக உட்கார்ந்து கீழே போகப் போக விரியும். பாக்கெட் வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார். பாவாடைக்கு பாக்கெட்டா?

வியாழக்கிழமை என்று சொன்னார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் போனேன். கல்யாண சீசன், கரண்ட் இல்லை, கை மிஷின்காரப் பெண் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம், எல்லாமே உண்மையாகவும் இருந்தது. ஞாயிறு காலை எனக்கு ஃபிளைட். சனி இரவு ஒன்பது மணிக்குக் கிடைத்தது. பாக்கெட் இருந்தது, ஒரு ரூபாய்க் காசு போட. போன் பாதிகூட நுழையவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்காரவைத்து, வெட்டில் மிஞ்சிய துணியை ஒட்டி ஆழப்படுத்திக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பாக்கெட்டை முடித்துவிட்டு என் டாப்பை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவர்லாக் சுத்தம், காலர் நேர்த்தி என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "என்னம்மா, உள்ள துணியே விடலையே? அரை இஞ்சுல முடிச்சுட்டீங்க. உடம்பு போட்டா எதைப் பிரிப்பீங்க?" அங்கே பேட்டர்னில் அவ்வளவுதான் விடச் சொல்வார்கள் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. பாவாடையின் இடுப்பைத் திருப்பிக் காட்டினார்: பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே மடிந்திருந்தது, பிரிக்க வசதியாக இரண்டு வரிசைத் தையல்.

நான் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. உடம்பை ஒட்டிய முதல் வரிசையை ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது.