போலோ ஜிடிக்கு அப்புறம் என்ன வண்டி? மூணு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்ட கதை

நம்மகிட்ட இருக்கறது 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, டர்போ பெட்ரோல் வண்டி. 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், பவர் 105 பிஎஸ், டார்க்குங்கற இழுவ 175 என்எம். இன்னைக்கு கணக்குல இதெல்லாம் ஒரு பவரேன்னு சிரிப்பாங்க, ஆனா ஓட்டுனவனுக்குத்தான் தெரியும். பையன் பொறந்ததுக்கு அப்புறம் டிக்கில ஸ்ட்ரோலர வெச்சா பால் டப்பா வெக்க எடமில்ல, அம்மாவுக்கு முட்டி வலி, பின்சீட்டுல கால நீட்ட முடியல. சரி மாத்திரலாம்னு ஒரு வழியா மனச தேத்திக்கிட்டேன்.

மொதல்ல ஆசைப்பட்டது அதே ஃபோக்ஸ்வேகனோட கோல்ஃப் ஜிடிஐ. 2025 மே மாசம் 53 லட்சத்துக்கு விட்டாங்க, 265 பிஎஸ், 5.9 செகண்ட்ல நூறு கிலோமீட்டர் வேகம், மொத லாட் 150 வண்டியும் காலி. நம்ம தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு ரோடு டாக்ஸ் 20%, அதாவது டாக்ஸுக்கு மட்டுமே பத்தரை லட்சத்துக்கு மேல. அத வீட்டுல சொன்னேன், வீட்டம்மா ஒண்ணும் பேசல, டீயக் கொண்டாந்து வெச்சுட்டு போயிட்டாங்க. அதோட அந்த டேப க்ளோஸ் பண்ணிட்டேன். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் அதே கததான், 49.99 லட்சம், வந்ததே 100 வண்டி.

பிஎம்டபிள்யூ எம்340ஐ பத்தி சொல்லாம விட்டா பாவம். நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கற ப்ளான்ட்ல அசெம்பிள் ஆகற வண்டி, ஆறு சிலிண்டர், 374 ஹெச்பி, 500 என்எம். தெரிஞ்ச ஒருத்தர் அரை மணி நேரம் சாவிய குடுத்தாரு. மிதிச்சதும் வயிறு சீட்டுக்குள்ள போயிட்டு லேட்டாத்தான் திரும்பி வந்துச்சு. எறங்கி சாவிய குடுத்துட்டு நேரா பேக்கரிக்கு போயி ஒரு டீ சாப்ட்டேன், வேற என்ன பண்றது.

அப்புறம் பட்ஜெட் வண்டிங்க. இங்க ஒண்ணு சொல்லியாகணும். ஒரு ஷோரூம்ல, பேரு வேணாம், டெஸ்ட் டிரைவ்னு கோயமுத்தூர் அவினாசி ரோட்டு ஜி.டி.நாயுடு மேம்பாலத்துல ஏத்தி எறக்கி முடிச்சுட்டாங்க. "சார், சஸ்பென்ஷன் எப்படி?"ன்னு பெருமையா வேற கேக்கறாரு அந்த தம்பி. பத்து கிலோமீட்டர் கோடு போட்ட மாதிரி நேரா போற பாலத்துல எல்லா வண்டியும் நல்ல வண்டிதானுங்க. நம்ம ஓட்டம் பூராம் வால்பாற, ஊட்டி, ஏற்காடு. அதனால மெனக்கெட்டு தெரிஞ்சவங்க வண்டிய கேட்டு வாங்கி மலைல ஏத்திப் பாத்தேன்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் செம குட்டி வண்டி, எக்ஸாஸ்ட் சத்தம் நல்லாருக்கு, நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக். ஆனா 120 பிஎஸ், 172 என்எம், எனக்கு இது அப்கிரேடு இல்ல, ஓரமா நகர்ந்து உக்காந்த மாதிரி. டிக்கியும் பத்தாது.

ஹூண்டாயோட வெர்னா டர்போ பேப்பர்ல பாத்தா இவங்கள்ல இதான் ராஜா. 160 பிஎஸ், 253 என்எம், டாப் மாடல்ல பின்னாடியும் டிஸ்க், பின்சீட்டு கல்யாண மண்டபம். அம்மாவுக்கு இதான் புடிச்சுது. நேர் ரோட்டுல பறக்குது. ஆனா வால்பாற ரோட்டுல ஆழியார் தாண்டி கொண்டை ஊசி ஆரம்பிச்சதும் ஸ்டியரிங்க புடிச்சுட்டு இருக்கேனா இல்ல டிவி ரிமோட்ட புடிச்சுட்டு இருக்கேனான்னு ஒரு சந்தேகம், முன் டயரு என்ன பண்ணுதுன்னு கைக்கு சேதியே வரல.

அடுத்த வாரம் அதே ரோட்டுல நண்பனோட ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் ஜிடி, 1.5 டிஎஸ்ஐ, மேனுவல் கியர். 150 பிஎஸ்தான், வெர்னாவ விட பத்து கம்மி. காலைல அஞ்சரைக்கே பொள்ளாச்சிய தாண்டிட்டோம். அந்த 40 கொண்டை ஊசிக்கும் நம்பர் போர்டு இருக்குமில்ல, மூணாவது போர்டுலயே எனக்கு முடிவு தெரிஞ்சு போச்சு. செகண்ட் கியர்ல உள்ள நொழைஞ்சு, ஸ்டியரிங் நேராகறப்ப லேசா மிதிச்சா போதும், 1600 ஆர்பிஎம்லயே 250 என்எம்மும் வந்துருது, கியர கொறச்சு இன்ஜின கத்தவுட வேண்டியதே இல்ல. பாடி சாயுது, ஆனா சொல்லிட்டு சாயுது, போலோ மாதிரியே. ஒம்பதாவது வளைவு வியூ பாயிண்ட்ல நிறுத்துனா வரையாடு ரெண்டு கைப்பிடி செவுத்து மேல நின்னுட்டு எங்கள ஒரு மாதிரி பாக்குது. நண்பன் கேட்டான், "என்ன மாப்ள, பல்லு பூராம் தெரியுது?"

கொறையும் இருக்கு. இந்த வெலைக்கு பின்னாடி டிரம் பிரேக் குடுத்திருக்காங்க, ஏன்னே புரியல. உள்ள பிளாஸ்டிக் போலோவ விட சுமார்தான். மெதுவா சீரா போறப்ப ரெண்டு சிலிண்டர் தானா ஆஃப் ஆகுதாம், மீட்டர்ல காட்டுனாத்தான் தெரியுது, கால்ல ஒண்ணும் தெரியல. டிக்கி 521 லிட்டர், ஸ்ட்ரோலர், பால் டப்பா, மாமியார் குடுத்து விடற தேங்கா மூட்ட எல்லாம் போகும்.

டிஎஸ்ஜி, அதாவது ஆட்டோமேட்டிக் கியர், ஏன் வேணாம்னு எல்லாரும் கேக்கறாங்க. இதுலயும் நம்ம போலோல இருக்கற அதே ஏழு கியர் டிரை கிளட்ச்தான், சூட்ட தணிக்கற எண்ணெயில ஊறாத கிளட்ச், காந்திபுரம் சிக்னல்ல ஊர்ந்து ஊர்ந்து போனா சூடாகத்தான் செய்யும். இத்தன வருசம் அத பாத்து பாத்து ஓட்டியாச்சு, இனிமே இடது காலுக்கும் கொஞ்சம் வேல குடுப்போம்னுதான்.

மேனுவல், சிவப்பு, புக் பண்ணியாச்சு. அம்மா மட்டும் "அந்த பெரிய சீட்டு வண்டி என்னாச்சு சாமி?"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, டெலிவரி அன்னைக்கு சொல்லிக்கலாம். போலோவ எக்ஸ்சேஞ்சுல கேட்ட வெலைக்கு குடுக்க மனசு வரல, தம்பி எடுத்துக்கறேன்னு சொல்லிருக்கான், சிக்னல்ல நியூட்ரல் போடறதுக்கு அவனுக்கு ஞாயித்துக்கெழம க்ளாஸ்.