பிரெஞ்சு வேஸ்ட்கோட் பூவேலை வடிவங்கள்: ஒரு மதிப்புரை

18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆடவர் கோட்டுக்குள் அணிந்த வேஸ்ட்கோட்டின் பூவேலையை இன்றைய எம்ப்ராய்டரி இயந்திரத்தில் தைத்தெடுப்பதற்கான கோப்புத் தொகுப்பு இது. 1780-களின் குட்டையான பாணியைப் பின்பற்றி, இரு முன்பக்கங்கள், பைமூடிகள், பொத்தான்கள், நடுவெளியில் தூவுவதற்கான சிறு பூங்கொத்துகள் ஆகியவை தனித்தனியாகத் தரப்பட்டுள்ளன.

தொகுப்பின் சிறப்பு, பூக்களின் அழகைவிட அவை அமைந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அக்காலத்தில் தைத்து முடித்த உடையின் மேல் பூவேலை செய்யும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. விரித்த பட்டுத்துணியில் முன்பக்கங்களின் எல்லைக்கோட்டையும் பைமூடிகளையும் வரைந்து, அவற்றுக்குள் பூவேலையை முடித்த பின்னரே துணி வெட்டப்பட்டது. வெட்டாத நிலையிலேயே அதை வாங்கிச் சென்று, தம் தையற்காரரிடம் அளவுக்கேற்பத் தைத்துக்கொள்வோரும் இருந்தனர். அத்தகைய வெட்டப்படாத துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். இந்த முறையைத் தொகுப்பை உருவாக்கியவர் நன்கு புரிந்துகொண்டிருக்கிறார். ஒரே பட்டையைத் திரும்பத் திரும்ப ஒட்டி, மூலை வந்ததும் திணறும் மலிவான வடிவங்களைப் போலன்றி, இங்கே கொடி பொத்தான் ஓரத்தில் இறங்கி, கீழ் மூலையில் அறுபடாமல் திரும்பி, விளிம்போடு தொடர்கிறது. பெரிய வடிவத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தாலும், பொருத்துகுறிகள் துல்லியமாக இருப்பதால் இணைப்பு எளிதில் தெரிவதில்லை.

நிறச்சாயலில்தான் ஏமாற்றம். பதினைந்தாம் லூயி மன்னருக்குப் பூவேலை வடிவங்களை வரைந்தவரும், 1770-இல் இக்கலையைப் பற்றி நூல் வெளியிட்டவருமான சார்ல் ஜெர்மேன் த செந்தோபன் பூக்களை ஓவியமாகத் தீட்டுவதிலும் தேர்ந்தவர். தூரிகையின் நெளிவை ஊசியால் எட்டுவதே அக்காலப் பூவேலையின் நோக்கமாக இருந்தது. முறுக்கில்லாத பட்டு இழைகளை நீளமும் குட்டையுமாக மாற்றிமாற்றித் தைத்து, ஒரே இதழில் அடர்நிறம் வெளிர்நிறத்துக்குள் கரையும்படி செய்தார்கள். இத்தொகுப்பிலோ ஒவ்வொரு இதழும் ஒரே திசையில் நிரப்பப்பட்டு, இரு நிறங்களுக்கிடையே கூர்மையான கோடு விழுகிறது. பாலியெஸ்டர் நூலின் சீரான மினுக்கு அந்தக் கோட்டை இன்னும் எடுத்துக்காட்டுகிறது. ரேயான் நூல் ஓரளவு பரவாயில்லை. தையல் அடர்த்தியும் மிகுதி. மெல்லிய பட்டு சாட்டினில் அடியில் உறுதியான ஸ்டெபிலைசர் (தைக்கும்போது துணியைத் தாங்கும் அடித்தாள்) வைக்காவிட்டால் துணி சுருங்கிவிடும்.

பொத்தான் வடிவங்கள் வட்டத்தை முழுதாக நிறைக்கின்றன. துணியைப் பொத்தான் அச்சின் மேல் மடித்ததும் இலைநுனிகள் பின்பக்கம் மறைகின்றன. அவற்றைச் சற்றுச் சிறிதாக்கித் தைப்பதே நல்லது.

நாடக உடை தைப்போருக்கும், மேடைத் தொலைவில் மட்டும் பார்க்கப்படும் ஆடைக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடைவரை நீண்டிருந்த வேஸ்ட்கோட்டைத் தைக்க விரும்புவோருக்கு மட்டும் இது உதவாது. இடுப்புக்குக் கீழே தொடரும் விளிம்புக்கான கோப்பு இதில் இல்லை.