விஎம் வட்டுக் கோப்பு கெட்டால்: பழுது பார்ப்பதா, தரவை மட்டும் எடுப்பதா?

விண்டோஸ் எக்ஸ்பி-யில் மட்டுமே ஓடும் பழைய பிஎல்சி (ஆலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவி) மென்பொருளை விர்ச்சுவல் மெஷினுக்குள் (விஎம்: கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்துப் பிழைப்பை ஓட்டும் பட்டறைகள் ஓசூர் பக்கம் உண்டு. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் டேலி சர்வரையே விஎம்-ஆக வைத்திருப்பவர்களும் உண்டு. மே மாதச் சாயங்காலக் காற்றுமழையில் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால் மறுநாள் காலை விஎம் திறக்காது. சீசன் உச்சத்தில் கணக்கு நின்றுபோகும்.

அப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. விஎம்-இன் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் வட்டுக் கோப்பையே பழுது பார்த்து விஎம்-ஐ மறுபடி பூட் செய்யவைப்பது ஒன்று. பூட் ஆவதைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை மட்டும் வெளியே எடுப்பது மற்றொன்று. முதல் வழிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பழுது பார்க்கும் கருவிகள் எல்லாமே கோப்பின் மேல் எழுதுகிறவை. தரவு எடுக்கும் கருவிகள் படிக்க மட்டும் செய்பவை. அதனால் தரவை எடுத்துவிட்டுப் பிறகு பழுது பார்ப்பதே சரியான வரிசை. இதற்கு விலக்குகள் உண்டு, கீழே வரும்.

இரண்டுக்கும் முன்னால்

விஎம் ஃபோல்டர் முழுவதையும் வேறு வட்டுக்கு நகல் எடுக்க வேண்டும். பெரிய கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே வைத்து, பிறகு வரும் மாற்றங்களைத் தனியே எழுதுவது) கோப்புகளும் சில நூறு பைட் மட்டுமே உள்ள குட்டிக் கோப்புகளும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும். ஃபேட்32 பென் டிரைவ் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வட்டு வேண்டும். நகல் பாதியில் படிப்புப் பிழை காட்டி நின்றால் கெட்டிருப்பது விஎம் இல்லை, அடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க். உடனே நிறுத்திவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

கோப்பு கெடாமலே கெட்டதுபோல் தோன்றுவதும் உண்டு. ஹோஸ்ட் (விஎம்-ஐ ஓட்டும் உண்மையான கணினி) வட்டு நிரம்பியிருந்தால் விஎம் அப்படியே நின்றுவிடும். இடம் ஒதுக்கினாலே ஓடத் தொடங்கும். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ‘கோப்பைப் பூட்ட (லாக் செய்ய) முடியவில்லை’ என்று சொன்னால் ஃபோல்டருக்குள் எல்சிகே என்று முடியும் துணை ஃபோல்டர் எஞ்சியிருக்கும். விஎம்வேர் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை வேறிடத்துக்கு நகர்த்தினால் போதும்.

பழுது பார்த்தல்: வடிவத்துக்கு வடிவம் வேறு கதை

எழுத எழுத வளரும் வகை வட்டுக் கோப்பு எதுவானாலும் அதில் ஒரு வரைபடம் இருக்கும்: கெஸ்ட் (விஎம்-க்குள் ஓடும் கணினி) வட்டின் இந்தத் துண்டு கோப்பில் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணை. கரண்ட் போகும்போது அடிபடுவது பெரும்பாலும் இதுதான். இந்த அட்டவணைக்கு மாற்றுப் பிரதி இருக்கிறதா என்பதை வைத்தே பழுது வெல்லுமா தோற்குமா என்று சொல்லிவிடலாம்.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனின் விஎம்டிகே இதில் தேறும். தரவை 64 கேபி துண்டுகளாக வைத்து, அவற்றின் அட்டவணையை இரண்டு பிரதியாக எழுதுகிறது. ‘வட்டுக்குப் பழுது தேவை’ என்ற செய்தி வந்தால், விடிஸ்க்மேனேஜர் கட்டளையைப் பெரிய எழுத்து ஆர் விருப்பத்துடன் நகலின் மேல் ஓட்டலாம். ‘குழந்தை வட்டு உருவான பிறகு தாய் வட்டு மாற்றப்பட்டுள்ளது’ என்ற பிழைக்கு இந்தக் கட்டளை உதவாது. அங்கே தாய் வட்டின் (ஸ்னாப்ஷாட்டுக்கு அடியில் இருப்பது) சிஐடி என்ற அடையாள எண்ணும் குழந்தை வட்டில் (ஸ்னாப்ஷாட்) பதிந்திருக்கும் பேரன்ட்-சிஐடி எண்ணும் பொருந்தவில்லை. எண்ணைத் திருத்தினால் திறக்கும். ஆனால் தாய் வட்டில் உண்மையிலேயே யாராவது எழுதியிருந்தால், திறந்த வேகத்தில் உள்ளே கோப்பு முறைமை குழம்பும். எண் மாறியதன் காரணம் தெரிந்தால் மட்டும் திருத்துங்கள்.

விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வரில் கதை இன்னும் எளிது. இதுதான் முதல் விலக்கு. அங்கே விஎம்டிகே என்பது வெறும் உரைக் கோப்பு. தரவு முழுக்க ‘ஃபிளாட்’ என்று முடியும் பக்கத்துக் கோப்பில் நேர்வரிசையில் இருக்கும். உரைக் கோப்பு மட்டும் தொலைந்திருந்தால் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிளாட் கோப்பின் அளவை பைட் கணக்கில் குறித்துக்கொண்டு, விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கொண்டு அதே அளவில், தின் வகையில் (இடத்தைத் தேவைப்படும்போது மட்டும் பிடிப்பது) ஒரு தற்காலிக வட்டை உருவாக்குங்கள். அதனோடு வந்த வெற்று ஃபிளாட்டை அழித்துவிட்டு, அதன் உரைக் கோப்புக்குப் பழைய பெயரை வைத்து, உள்ளே இருக்கும் ஃபிளாட் பெயரையும் மாற்றுங்கள். தின் என்று குறிக்கும் வரியை, பழைய வட்டு திக் (முழு இடத்தையும் முன்பே பிடிப்பது) வகையாக இருந்தால், நீக்கிவிடுங்கள். அளவு சரியாகப் பொருந்த வேண்டும். ஜிபி-யில் உத்தேசமாகக் கொடுப்பதுதான் இங்கே வழக்கமான சறுக்கல்.

மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி-யின் விஎச்டிஎக்ஸ் இரண்டாவது விலக்கு. விண்டோஸ் சர்வர் 2012-உடன் வந்த இந்த வடிவம் அட்டவணை மாற்றங்களை முதலில் ஒரு லாக்கில் எழுதிவிட்டுத்தான் இடத்தில் எழுதும். திறக்கும்போது லாக்கை ஓட்டித் தானே சரியாகிக்கொள்ளும். லினக்ஸில் திறந்தால் ‘லாக்கை மறுபடி ஓட்ட வேண்டும்’ என்று க்யூஎமு-இமேஜ் கருவி சொல்லும். நகலின் மேல் செக் கட்டளையை ‘ஆர் ஆல்’ விருப்பத்துடன் ஓட்டினால் போதும். பழைய விஎச்டி-க்கு லாக் கிடையாது. கடைசி 512 பைட் அடிக்குறிப்பின் பிரதி வளரும் வகையில் முன்னாலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹைப்பர்-வி-யில் உண்மையான ஆபத்து ஆர்வக்கோளாறு. ஏவிஎச்டிஎக்ஸ் ஸ்னாப்ஷாட் இருக்கும்போது, ‘உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று தாய் வட்டை விண்டோஸில் இரட்டைச் சொடுக்கினால் அது எழுதும் நிலையில் ஏறும், விண்டோஸும் எதையாவது எழுதும், சங்கிலி அறுந்துவிடும். மவுன்ட்-விஎச்டி கட்டளையை ரீட்ஒன்லி விருப்பத்துடன் கொடுத்தே திறக்க வேண்டும். அறுந்த சங்கிலியை செட்-விஎச்டி-யில் அடையாள முரண்பாட்டைப் புறக்கணிக்கச் சொல்லி ஒட்டவைக்கலாம். ஆனால் விஎம்வேர் சிஐடி-க்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ-தான் மோசம். 1 எம்பி துண்டு ஒவ்வொன்றுக்கும் 4 பைட் குறிப்பு. 100 ஜிபி வட்டுக்கு மொத்த அட்டவணையே 400 கேபி, அதுவும் ஒரே பிரதி. விபாக்ஸ்மேனேஜின் உள்கட்டளைகளில் ரிப்பேர்எச்டி என்று ஒன்று இருக்கிறது. அது தவறான குறிப்பையும் இரட்டித்த குறிப்பையும் காலி என்று அடையாளமிட்டு அட்டவணையை ஒழுங்காக்கும். வட்டு திறக்கும், ஆனால் அந்தத் துண்டுகளில் இருந்தது கெஸ்ட்டுக்குத் தெரியாமல் போகும். சரியாகிவிட்டது என்று நம்பி அதன் மேல் வேலையைத் தொடர்ந்தால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பிறகு தேடவும் முடியாது. முதலில் ட்ரை-ரன் விருப்பத்துடன் ஓட்டி, எதை மாற்றப்போகிறது என்று பாருங்கள்.

க்யூஎமு விஎம்-களின் வடிவமான க்யூகவ்2-க்கு, செக் கட்டளையின் ‘ஆர் லீக்ஸ்’ பாதுகாப்பானது. வீணான இடத்தை மட்டும் விடுவிக்கும். ‘ஆர் ஆல்’ தவறான திருத்தத்தைத் தேர்ந்தெடுக்கவும், நடந்த சேதத்தை மறைக்கவும் கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

தரவை மட்டும் எடுத்தல்

முதல் சோதனைக்குக் காசும் வேண்டாம், லினக்ஸும் வேண்டாம். 7-ஜிப் புதிய பதிப்பு விஎம்டிகே, விடிஐ, விஎச்டிஎக்ஸ், க்யூகவ்2 எல்லாவற்றையும் படிக்க மட்டும் திறக்கும். பகிர்வும் (பார்ட்டிஷன்) ஃபோல்டர்களும் தெரிந்தால் தேவையானதை இழுத்துப் போட்டுவிடலாம். ஸ்னாப்ஷாட் இருந்தால் இதை நம்பாதீர்கள். அடி வட்டைத் தனியாகத் திறந்தால் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் பழைய நிலையைத்தான் காட்டும்.

7-ஜிப் தோற்றால் லினக்ஸ் லைவ் யுஎஸ்பி. க்யூஎமு-என்பிடி-யைப் படிக்க மட்டும் என்ற விருப்பத்துடன் இணைத்தால் வட்டு சாதாரண டிரைவ்போல் தெரியும். அல்லது க்யூஎமு-இமேஜ் கன்வெர்ட் மூலம் ரா (அட்டவணை இல்லாத, வட்டின் நேர்நகல்) கோப்பாக மாற்றலாம். ரா கோப்பு விஎம் வட்டின் முழு அளவுக்கு வளரக்கூடும்: 40 ஜிபி கோப்பாக இருந்தாலும் உள்ளே 100 ஜிபி என்று வரையறுத்திருந்தால் 100 ஜிபி இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ரா கையில் வந்துவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி. பகிர்வு அட்டவணை போயிருந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும். என்டிஎஃப்எஸ் பூட் செக்டர் போயிருந்தால் பகிர்வின் கடைசி செக்டரில் அதன் பிரதி இருக்கிறது, அதிலிருந்து மீட்கும். கோப்புகளைப் பட்டியலிட ‘பி’ விசை, நகலெடுக்க ‘சி’ விசை. விண்டோஸின் செக்டிஸ்க் (வட்டைத் திருத்தும் கட்டளை) என்பதை எஃப் விருப்பத்துடன் ஓட்டுவதை ரா கோப்பின் இன்னொரு நகலுக்கு மட்டும் வையுங்கள்.

கோப்புகளை அவற்றின் உள்ளடக்கத்தை வைத்தே தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் கடைசித் துருப்பு. டேலிக்கு அது கிட்டத்தட்டப் பயனற்றது. மீட்டெடுத்தவற்றுக்கு எஃப் என்ற எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்தான் வரும், பழைய ஃபோல்டர் அமைப்பு வராது. டேலி கம்பெனி என்பதோ எண் பெயருள்ள ஒரு ஃபோல்டரில் பல கோப்புகள் சேர்ந்திருப்பது. பெயர் இழந்த கோப்புகளை வைத்து அதைக் கட்ட முடியாது. பில் பிடிஎஃப், மாங்காய் லோடு போட்டோ மாதிரியானவை கிடைக்கும். அட்டவணை இழந்த விடிஐ-யில் நேரடியாக ஓட்டினால், துண்டுகள் வரிசை மாறிக் கிடப்பதால், 1 எம்பி-க்கு மேற்பட்ட படங்கள் பாதியில் வெட்டுப்படக்கூடும்.

பிஎல்சி மென்பொருள் விஎம்-தான் மூன்றாவது விலக்கு. இன்ஸ்டால் சிடி-யும் இல்லை, லைசென்ஸ் அந்த எக்ஸ்பி-யோடு ஒட்டியது என்றால் ஃபோல்டரை எடுத்து என்ன செய்ய? புரோகிராம் கோப்புகளை முதலில் எடுத்துவிட்டு, நகலின் மேல் துணிந்து பழுது பாருங்கள்.

காசு கொடுப்பதென்றால்

யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், ஆர்-ஸ்டுடியோ இரண்டும் இந்த வடிவங்களை நேரடியாகத் திறக்கும். காசு கட்டும் முன்பே என்ன கிடைக்கும் என்று பட்டியல் காட்டும். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. முன்னோட்டத்தில் கோப்பு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க்கே படிப்புப் பிழை தந்தால் மேலே சொன்ன மென்பொருள் எதையும் அதன் மேல் ஓட்ட வேண்டாம். முதலில் டிடிரெஸ்க்யூ (கெட்ட வட்டை நகலெடுக்கும் லினக்ஸ் கருவி): எதுவரை எடுத்தது என்று குறிக்கும் மேப் கோப்புடன், சிறிய என் விருப்பம் கொடுத்து நல்ல பகுதிகளை முதல் சுற்றில் எடுங்கள், பிறகு மூன்று மறுமுயற்சியுடன் மீதி. வட்டு ‘டிக் டிக்’ என்று தட்டினால் அதுவும் கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மட்டுமல்ல, தர்மபுரிக்கும் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். வட்டைக் கழற்றி பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) இருந்தால் அதன் மீட்பு எண்ணோடு கொடுங்கள். எந்த ஃபோல்டர் வேண்டும் என்று எழுதியும் கொடுங்கள். எஸ்எஸ்டி-யிலிருந்து விஎம் கோப்பை அழித்துவிட்டு, ட்ரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டி துடைப்பது) ஓடிய பிறகு போவதானால் பெட்ரோல் செலவுதான் மிச்சம்.