43 இன்ச் டிவி: படம் நன்று, சத்தம் 19 நாள் கழித்து

அம்மாவுக்காக வாங்கியது. 43 இன்ச், 4கே, 26,500 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம்; சண்டை முடிந்துவிட்டது.

முதலில் படம். நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவள். எந்த ஸ்கிரீனிலும் முதலில் தோல் நிறத்தைத்தான் பார்ப்பேன். பெட்டியைப் பிரித்து மாட்டியதும் டிவி ‘விவிட்’ மோடில் இருக்கும். அதில் சீரியல் நாயகியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. ‘சினிமா’ மோடுக்கு மாற்றினேன், நிறம் நிதானத்துக்கு வந்தது. அப்புறம்தான் வேடிக்கை. அவளுக்கு முகம் ஒரு நிறம், காது இன்னொரு நிறம், பால் தம்ளரை நீட்டும் கை மூன்றாவது நிறம். பழைய 24 இன்ச் டிவி இதையெல்லாம் மறைத்து வைத்திருந்தது. அவள் புருஷனாக நடிப்பவருக்கு முகமும் கையும் ஒரே மாநிறம். அவர் அப்படியே வரலாம் போலிருக்கிறது.

மோஷன் ஸ்மூத்திங்கை உடனே அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமாவில், இல்லாத ஃபிரேம்களை டிவியே செய்து நடுவில் செருகும். படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். இதற்கு ‘சோப் ஓபரா எஃபெக்ட்’ என்றே பெயர்.

பதினோராம் நாள் சத்தம் போய்விட்டது. வெளி ஸ்பீக்கர் மாட்டினாலும் வரவில்லை. சர்வீஸுக்குப் போன் செய்து மூன்றாம் நாள் ஒரு தம்பி வந்தார். “வீட்ல சார் இல்லையா மேடம்?” பில் என் பெயரில் இருக்கிறது, எனக்கே சொல்லுங்கள் என்றேன். “இல்ல, கொஞ்சம் டெக்னிக்கலா சொல்லணும்...” டெக்னிக்கலாக அவர் சொன்னது, போர்டு போய்விட்டது, ஒரு வாரத்தில் வரும். புகார் கொடுத்து 19ஆம் நாள் வந்தது.

அம்மா அதற்காகச் சீரியலை விடவில்லை. “கதைதான் தெரியுமே” என்று ஊமைப்படமாகவே பார்த்தார். வழக்கமாகக் காய் நறுக்கிக்கொண்டே காதால் கேட்பவர், இப்போது எதிரே உட்கார்ந்து பார்த்தார். கூட நானும்.

ஒன்பதரை மணிக் காட்சி ஒன்று. பெரியவர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவர் முட்டி உயரத்தில்; தலைக்கு மேலே ஃபேன் தெரிகிறது. எதிரே நாலு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களை மாடிப்படியிலிருந்து கீழ்நோக்கி எடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்தான் உயரமாகத் தெரிகிறார். விரல்விட்டு எண்ணினேன். அவருக்கு மூன்று ஷாட், பெண்களுக்குப் பதினாலு. பதினாலிலும் அவர்கள் செய்தது கேட்டுக்கொண்டிருந்ததுதான். கண் விரிகிறது, முந்தானை வாய்க்குப் போகிறது, விரல் தாலிக்குப் போகிறது. பெண்களுக்கான சீரியல் என்று சொல்வது பொய்யில்லை, நேரமெல்லாம் அவர்களுக்குத்தான்.

ஆள் நுழைவதையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆண் என்றால் கார் டயர், கதவு, ஷூ, கூலிங் கிளாஸ். நல்ல மருமகள் என்றால் கொலுசு, கோலமாவு ஒட்டிய விரல், மல்லிகை, கடைசியில் முகம். வில்லி என்றால் ஹீல்ஸ், போன், விரித்த முடி. கேமரா முட்டிக்குக் கீழே இறங்கி அண்ணாந்து பார்க்கும் ஒரே பெண் அவள்தான். பெண்ணை உயரமாகக் காட்ட வேண்டுமென்றால் அவள் கெட்டவளாக இருக்க வேண்டும்.

ஒரே அதிர்ச்சியை மூன்று தடவை ஜூம் பண்ணிக் காட்டுவதை, 2000இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய ‘க்யூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ’ வகைச் சீரியல்கள் நாடு முழுக்கப் பிரபலமாக்கின. எடிட்டராக எனக்கு அதன் கஷ்டம் புரியும். தினமும் இருபது நிமிஷத்துக்கு மேல் நிரப்ப வேண்டும், ஒரு பளார் அறையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் அரை நிமிஷம் ஓடிவிடும். ஆனால் நான் பார்த்ததில் அறைந்தவன் கை ஒரு தடவை வந்தது, அறை வாங்கிய கன்னம் மூன்று தடவை வந்தது.

ஒரு நாள் அம்மாவுக்குப் பரீட்சை வைத்தேன். அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத வங்காளச் சேனலைப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “அது மாமியார். இது மூத்தவ, பாவம். அந்தா வர்றாளே, அவதான் குடியைக் கெடுக்கப்போறவ.” எப்படிம்மா என்றேன். “பொட்டைப் பாரு.” 2001இல் தொடங்கிய இந்தி சீரியலில் வில்லி கொமோலிகா வைத்துக்கொண்டு வந்த பெரிய பொட்டு இன்னும் வேலை செய்கிறது.

விஸ்காம் படிக்கும் அண்ணன் மகளிடம் சொன்னேன். “இதை எர்விங் காஃப்மன் எப்பவோ சொல்லிட்டார் அத்தை” என்றாள். 1970களில் விளம்பரப் படங்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்த சமூகவியலாளராம். அந்தப் படங்களில் ஆணின் கை பொருளை இறுகப் பிடிக்கும், பெண்ணின் விரல் அதன் மேல் பட்டும் படாமல் தடவும். ஆண் பெரிதாக, உயரமாக நிற்பான்.

அன்றைக்கு ராத்திரி எடிட்டில் இருந்த கல்யாணத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை வாட்ச் பட்டையை இறுக்குகிறார், கார் சாவியைப் பிடிக்கிறார். பெண் ஜிமிக்கியைத் தொடுகிறாள், நெக்லஸைத் தடவுகிறாள், கண்ணாடியில் விரல் வைக்கிறாள். எல்லாம் எங்கள் யூனிட் சொல்லிச் செய்யவைத்தது. என் ஹார்டு டிஸ்கில் எல்லாக் கல்யாணத்துக்கும் அதே ரெண்டு ஃபோல்டர்: ‘மாப்பிள்ளை என்ட்ரி’, ‘பொண்ணு ஸ்லோமோ’. சீரியல்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் அடங்கினேன்.

சரி, டிவிக்கு வருவோம். படத்துக்கு ஐந்துக்கு நாலு. ரிமோட் சின்னது, அம்மா கைக்கு வசதி. போர்டு மாற்றியபின் சத்தம் தெளிவு. சர்வீஸுக்கு ஒன்று, அதுவும் கடைசியில் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, விஷயத்தை என்னிடமே விளக்கியதற்காக. சத்தம் வந்ததும் அம்மா மறுபடி அரிவாள்மணையோடு சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

போன வாரக் கல்யாணத்தில் பெண், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே காரோட்டி மண்டபத்துக்கு வந்தாள். எங்கள் கேமரா பையன் பழக்கதோஷத்தில் டயரிலிருந்து ஆரம்பித்து, முட்டி உயரத்தில் அண்ணாந்து எடுத்துவிட்டான். நன்றாகவே இருக்கிறது. எந்த ஃபோல்டரில் போடுவதென்று தெரியாமல் இப்போதைக்கு ‘இதர’வில் போட்டிருக்கிறேன்.