ஒரே காரில் இருந்து வந்த இரண்டு தலைவர்கள்: ஃப்ரெக்லனா, டோட்டா?

1981. உலக ராலி, அதாவது சாலைகளில் ஒவ்வொரு காராக நேரத்தோடு போட்டி போடும் பந்தயத் தொடர். டால்போட் சன்பீம் லோட்டஸ் காரின் ஸ்டீயரிங்கில் கீ ஃப்ரெக்லன். பக்கத்து இருக்கையில் ஜான் டோட். மடியில் பேஸ் நோட்டை (பாதைக் குறிப்பை) வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு இடதா வலதா, எவ்வளவு கூர்மை என்று கார் குலுங்கக் குலுங்க வாசித்துக்கொண்டே வருவார். அந்த வருடம் அர்ஜென்டினா ராலியில் ஜெயித்தார்கள். டால்போட்டுக்கு உலகத் தயாரிப்பாளர் பட்டமும் கிடைத்தது. ஓட்டுநர் பட்டம்தான் கை நழுவியது: அரி வாட்டனென் 96 புள்ளி, ஃப்ரெக்லன் 89.

பிற்பாடு இருவருமே அணித் தலைவர்கள் ஆனார்கள். டோட் பெஜோவுக்குப் போனார். ஃப்ரெக்லன் 1989-இல் சிட்ரோயனின் பந்தயப் பிரிவுக்கு வந்தார். இரண்டும் ஒரே குழுமத்துக் கம்பெனிகள்.

கோப்பைகளை எண்ணினால் டோட்தான் மேலே. 1985, 86-இல் பெஜோ 205 டி16-க்கு உலக ராலிப் பட்டங்கள், 1987 முதல் 90 வரை டக்கார் என்ற பாலைவன நெடும்பந்தயத்தில் நான்கு வெற்றிகள், லே மான் 24 மணி நேரப் பந்தயம், அப்புறம் ஃபெராரியில் ஷூமேக்கரின் ஐந்து ஃபார்முலா ஒன் பட்டங்கள். ஃப்ரெக்லன் ஃபார்முலா ஒன் பக்கம் போகவில்லை. பெஜோ பாலைவனத்தை விட்டு விலகியதும் சிட்ரோயன் இசட்எக்ஸ் காரை அங்கே இறக்கினார். 1991 டக்காரை அவருக்கு வென்று கொடுத்தவர், பத்து வருடம் முன்பு அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்த அதே வாட்டனென்!

ஆனால் ஒரு தலைவரை எடைபோட வேண்டிய இடம், தன் ஓட்டுநரிடம் ‘விட்டுக்கொடு’ என்று சொல்லும் இடம். 1989 டக்காரில் டோட்டின் ஓட்டுநர்களான வாட்டனெனும் ஜாக்கி இக்ஸும் ஒருவரையொருவர் துரத்த, இரண்டு காரும் போய்விடுமோ என்று பயந்த டோட் நாணயத்தைச் சுண்டினார். வாட்டனென் பக்கம் விழுந்தது, அவரே ஜெயித்தார். 2002 ஆஸ்திரிய ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன்னணியில் இருந்த இன்னொரு ஃபெராரி ஓட்டுநர் பாரிகெல்லோ, அணியின் உத்தரவுப்படி முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஷூமேக்கருக்கு வழிவிட்டார். அரங்கமே கூச்சலிட்டது. சீசனின் ஆறாவது பந்தயம்தான் அது. ஷூமேக்கர் ஏற்கெனவே வெகுதூரம் முன்னால் இருந்தார். அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஃப்ரெக்லனுக்கு அந்த நாள் 2003 வேல்ஸ் ராலியில் வந்தது. சிட்ரோயனின் செபாஸ்டியன் லோபும் எதிரணியின் பெட்டர் சோல்பெர்கும் ஓட்டுநர் பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். அணியின் இன்னொரு நம்பிக்கையான கார்லோஸ் சைன்ஸ் பாதியிலேயே வெளியேறிவிட்டார். லோபும் சாலையை விட்டுப் போனால் தயாரிப்பாளர் பட்டமும் போய்விடும். அதனால் லோபுக்கு உத்தரவு: துரத்தாதே, காரைப் பத்திரமாகக் கொண்டு வா. சோல்பெர்க் 72, லோப் 71. ஒரே ஒரு புள்ளி!

இதுவும் கசப்பான உத்தரவுதான். ஆனால் சொன்னவர் 1981-இன் கடைசி ராலியை முடிக்க முடியாமல் பட்டத்தைத் தானே இழந்தவர். தான் கேட்பது எவ்வளவு பெரிய விலை என்பது அவருக்குத் தெரியும். கைக்கு வந்ததும் ஒன்றும் இல்லாமல் இல்லை: சிட்ரோயனின் முதல் உலகத் தயாரிப்பாளர் பட்டம்.

அதனால் எனக்கு ஃப்ரெக்லன்தான். பெரிய நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டுமென்றால், சரி, டோட்டைக் கூப்பிடலாம். ஓர் ஓட்டுநரை வளர்த்தெடுக்க ஃப்ரெக்லன். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய லோபுக்கு முதலில் சின்ன சாக்ஸோ கார், 2001 சான் ரெமோ ராலியில் பெரிய எக்ஸாரா. வந்த வேகத்தில் அதில் இரண்டாமிடம். 2003-இல் மெக்ரே, சைன்ஸ் என்று இரண்டு முன்னாள் உலகச் சாம்பியன்களின் நடுவே இறக்கினார். இருவரையுமே லோப் முந்தினார். மறு வருடம் அணியில் இடமிழந்தவர் மெக்ரே.

2007 முடிவில் ஃப்ரெக்லன் ஓய்வு பெற்றபோது லோப் கையில் நான்கு உலகப் பட்டங்கள். இன்னும் ஐந்து வரவிருந்தன.