டிஸ்க்கைத் தின்னும் அருமையான டிராக் பேட்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

டிராக் டேக்கு, அதாவது பந்தயப் பாதையில் சொந்த வண்டியை ஓட்டும் நாளுக்கு, எந்த பிரேக் பேட் போடுவது என்று நண்பர் கேட்கிறார். கூடவே, "நீங்க போட்டிருக்கிற அதே பேட்டை வாங்கிடவா?" என்றும் கேட்கிறார். பேட் அருமையானதுதான். இருந்தும் வாங்குங்கள் என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. வீலைக் கழற்றி, பேட் இறுக்கிப் பிடிக்கும் வட்டமான டிஸ்க்கின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

பேட் செமி மெட்டாலிக் ரகம், அதாவது உலோகத் தூள் கலந்த கலவை. 200 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வண்டி 1,400 கிலோ. பேட்டை டிஸ்க்கில் அழுத்துவது முன்னால் ஒற்றை பிஸ்டன் வைத்த நகரும் கேலிப்பர், டிஸ்க் கம்பெனி டிஸ்க்.

700 டிகிரி எதற்கு என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நேர்ப்பாதை முடியும் இடத்தில் 180 கி.மீ. வேகத்திலிருந்து 72-க்குக் குறைத்தால் இந்த எடையுள்ள வண்டி ஏறக்குறைய 14.7 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. அதில் 70 சதவீதத்தை முன் பிரேக் வாங்கிக்கொள்கிறது என்றால், ஒரு டிஸ்க்கின் பங்கு 5 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். 8 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் அந்த ஒரே பிரேக்கில் 130 டிகிரி அளவுக்குச் சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சில லேப்பிலேயே, அதாவது சில சுற்றிலேயே, டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது இப்படித்தான். சாதா ரோட்டு பேட்டில் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் 350, 400 டிகிரி வாக்கிலேயே சிதைந்து வாயுவை வெளியேற்றத் தொடங்கும். அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புகுந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

அதனால் பேட் வாங்குவதற்கு முன் வெப்பநிலை காட்டும் பெயின்ட் வாங்குங்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் மூன்று கோடு. பரவலாகக் கிடைக்கும் செட்டில் பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் 700 டிகிரி பேட்டுக்கு உங்கள் வண்டியில் வேலையே இல்லை. மூன்றும் மாறியிருந்தால் பேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாயும் வேண்டும்.

பேட்டின் முதுகில் அச்சிட்ட இரண்டு எழுத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது நல்ல சூட்டில் உள்ள உராய்வு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. பயனுள்ள தகவல்தான். ஆனால் அந்தச் சோதனையின் உச்சச் சூடு ஏறக்குறைய 340 டிகிரி. டிராக்கில் பேட்டின் உண்மையான வேலை தொடங்குவதே அதற்கு மேல். ஜிஜி பேட் 500 டிகிரியில் என்ன ஆகும் என்பதற்கு அந்த எழுத்தில் விடை கிடையாது. பிடி எவ்வளவு வேண்டும் என்பதை டயர்தான் முடிவு செய்யும். சாதா ரோட்டு டயரில் ஜி ரகப் பிடியை வைத்தால் வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சீக்கிரம் வேலை செய்யுமே தவிர வண்டி நிற்கும் தூரம் குறையாது.

பேட்டின் அருமையைச் சொல்கிறேன். கடித்துப் பிடிப்பதை எல்லாரும் பேசுகிறார்கள். இந்த பேட்டின் சிறப்பு விடுவதில் இருக்கிறது. பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைந்து, ஸ்டியரிங் திரும்பத் திரும்பப் பெடலைத் தளர்த்திக்கொண்டே போகிறோம் அல்லவா, அப்போது கால் எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவுதான் பிடி குறைய வேண்டும். பல பேட்டுகள் ஒரே பிரேக்குக்குள் சூடேறச் சூடேறப் பிடியைக் கூட்டிக்கொண்டே போகும். கால் தளர்ந்த பிறகும் ஒரு நொடி பிடித்துக்கொண்டே இருந்து, பிறகு சட்டென விடும். அந்த ஒரு நொடியில் முன் டயருக்குத் திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். இரண்டையும் செய்யப் பிடி போதாமல் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுபவர் டயரையும் சஸ்பென்ஷனையும் திட்டுவார். இந்த பேட்டில் 300 டிகிரியிலும் 600 டிகிரியிலும் பெடலின் பேச்சு ஒன்றே. முதல் லேப்பில் பழகிய கால் கடைசி லேப்பிலும் செல்லும். எந்த விவரத்தாளிலும் இதற்கு ஓர் எண் கிடையாது. லேப் நேரத்துக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒரு பேட் செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, எரிச்சல். இந்த அருமையெல்லாம் 200 டிகிரிக்கு மேல். ரோட்டில் டிஸ்க் பெரும்பாலும் 100, 150 டிகிரியைத் தாண்டுவதில்லை. சூடான பேட் டிஸ்க்கின் மேல் தன் கலவையை மெல்லிய படலமாகப் பூசிவிட்டு, அந்தப் படலத்தோடு உரசித்தான் பிடிக்கிறது. சூடு போதாத இடத்தில் படலம் உருவாகாது. பேட் நேரடியாக இரும்பைச் சுரண்டும். அதனால் டிராக்கில் பாடுபட்டு ஏற்றிய படலம் வீடு வந்து சேர்வதற்குள் பாதி போய்விடுகிறது. டிஸ்க்கில் இசைத்தட்டு மாதிரி கோடுகள். மெதுவாக ஊர்ந்து நிற்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும் கீச்சு. பேட்டின் முதுகில் பிரேக் கிரீஸ் தடவி ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தால் கீச்சு கொஞ்சம் அடங்கும், போகாது. இரும்புத் தூள் நிறைந்த டஸ்ட் வீலில் படிந்து, ஈரம் பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்துப் பெயின்ட்டைக் குத்தும். வீல் ஆறியதும் அன்றே கழுவிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

நியாயமாகச் சொன்னால் இது பேட்டின் குற்றமில்லை. 700 டிகிரி தாங்கும் கலவை 80 டிகிரியிலும் மெத்தென்று பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை. கோபம் வருவது, ரோட்டுக்கும் டிராக்குக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லி விற்பவர்கள் மேல். குளிர்ந்த பிரேக்கில் முதல் மிதிக்கு வண்டி வழக்கத்தைவிடத் தள்ளிப் போய் நிற்கும். குறுக்கே ஒருவர் வந்தால் அந்தத் தூரம் உயிர் விஷயம். அதை வாங்குபவரிடம் சொல்லாமல் விடுவது தப்பு.

ரோட்டில் வந்த டிஸ்க்கோடு நேராக டிராக்கில் அழுத்தினால் படலம் திட்டுத்திட்டாக ஏறும். பிறகு ஸ்டியரிங் நடுங்கும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று சொல்லப்படும் நடுக்கத்தில் பெரும்பகுதி இதுதான். ஆகவே அன்றன்றைக்கு மறுபடி பெடிங், அதாவது படலத்தைச் சீராக ஏற்றும் வேலை, செய்தாக வேண்டும். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து 100 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை, ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குச் சற்றுக் கீழே அழுத்தி, இடையில் ஆறவிடாமல். முழுசாக நிறுத்தக் கூடாது. புது பேட் என்றால் வாடை வரும், பிடி ஒருமுறை நழுவி மறுபடி திரும்பும். பிசின் முதல்முறை சூடாகி வாயு விடுவதன் அறிகுறி அது. பிறகு பிரேக்கைத் தொடாமல் 10 நிமிடம் ஓட்டி ஆற்ற வேண்டும். டிஸ்க் முகம் முழுவதும் ஒரே சாம்பல்நீலமாக இருந்தால் சரி. பளபளவென்று இரும்பு தெரிந்தால் படலம் ஏறவில்லை. வண்டியை நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு வீலுக்குக் கட்டை வையுங்கள். பின் பேட்டையே அழுத்தும் ஹேண்ட்பிரேக் என்றால் சூட்டில் பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும்.

பெடல் மெத்தென்று கீழே போனால் பேட்டைத் திட்டாதீர்கள், கொதித்தது பிரேக் ஆயில். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 மட்டுமே. டாட் 5.1-க்கு 260, 180. டிராக் பேட் போட்டுவிட்டுப் பழைய ஆயிலோடு போவது ஆபத்து. பேட் தாங்கிக்கொள்வதால் ஓட்டுபவர் இன்னும் அழுத்துவார், சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போகும். பேட் தேயத் தேய இது கூடும், ஏனென்றால் சூட்டைத் தடுக்கும் சுவரே பேட்டின் கனம்தான். ரோட்டில் 3 மி.மீ. வரை ஓட்டுபவர்கள் டிராக்குக்குப் பாதி கனத்திலேயே மாற்றிவிட வேண்டும். புதிதில் 11 மி.மீ. என்றால் 5, 6-ல். நகரும் கேலிப்பரில் பேட் ஒரு முனையில் அதிகம் தேய்ந்து சாய்வாகும். இரண்டு முனைக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பெடல் நீளமாகும். உள் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள்.

பின்பக்கத்துக்கு இதே பேட் வேண்டாம். அழுத்தும்போது எடை முன்னால் சாய்ந்து பின் டயர் லேசாகிறது. அங்கே பிடியைக் கூட்டினால் வண்டியின் பின்பகுதி ஆடும். ஒரு படி சாதுவான கலவை போதும். வண்டி வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முழுதாக அணைக்க முடியாத வண்டியில், அது பின் பிரேக்கைத் தானாகவே பிடித்துப் பிடித்துப் பேட்டைத் தின்னும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்கிலேயே பேட்டை மாற்றலாம் என்பார்கள். மாற்றலாம். ஆயில் டப்பாவின் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிஸ்டனை மெதுவாகத் தள்ளி, கேலிப்பரை ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டி, முடிந்ததும் வண்டி நகரும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்து. எந்தப் பேட் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று முதுகில் எழுதி வைத்து, அதே இடத்தில்தான் திரும்பப் போட வேண்டும். ஆனால் டிஸ்க் ஒன்றே என்றால் இரண்டு கலவையின் படலமும் கலந்து நடுக்கம் தரும். ரோட்டுக்கு ஒரு ஜோடி, டிராக்குக்கு ஒரு ஜோடி என்று டிஸ்க்கும் தனியாக இருந்தால்தான் இந்த வழி முழுமை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நானும் மறுபடி வாங்கப் போவதில்லை. ரோட்டில் ஓட்டிப் போய், 15, 20 நிமிட செஷன் ஓட்டி, அதே வண்டியில் திரும்புபவருக்கு 500, 550 டிகிரி வரை தாங்கும் கலவையும் புது ஆயிலும் போதும். கடைசி இரண்டு லேப்பை ஆற்றுவதற்கு விட்டுவிடுங்கள். பெடல் விடும் அழகு இந்த பேட் அளவுக்கு வராது, அது எனக்கு வருத்தம்தான். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிறவர் என்றால் வேறெதையும் தேடாதீர்கள், இதையே போடுங்கள்.