ஐந்து நட்சத்திரம் போட்ட தீவு

வெளிநாட்டு வங்கியில் போடுகிறேன் என்று ஏமாந்து போனது 41,700 டாலர். அன்றைய ரேட்டுக்குக் கிட்டத்தட்ட 35 லட்சம் ரூபாய். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதே ஆட்கள் மறுபடி கடை விரித்திருப்பது தெரிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 2023 தொடக்கத்தில் எங்கள் பங்காளி ஒருவரின் சாயப்பட்டறை கடனில் மூழ்கியது. வங்கிக் கடனுக்குப் பர்சனல் கியாரண்டி, அதாவது பட்டறை கட்டாவிட்டால் சொந்தச் சொத்திலிருந்து கட்டுவேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். பட்டறைக் கதவில் ஒட்டிய நோட்டீஸ் வீட்டுக் கதவுக்கும் வந்தது. அவருக்குப் பட்டறை வேறு, வீடு வேறு என்ற நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான் இருந்தது. நானும் அதே மாதிரிக் காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று ஞாபகம் வந்த அன்று ராத்திரி தூக்கமில்லை.

அந்தப் பயத்தோடு இருந்தபோதுதான் கோவையில் ஒரு ஹோட்டலில் 'சொத்துப் பாதுகாப்பு' கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நடத்தியவருக்கு துபாயில் ஆபீஸ். பேச்சு மட்டும் சுத்தமான நம்ம ஊர்ப் பேச்சு. முதல் காபியிலேயே "அண்ணா" என்று ஆரம்பித்துவிட்டார். கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாமல் பணத்தை வெளிநாட்டில் வைக்கலாம் என்று சொல்லித் திரையில் ஓர் அட்டவணை போட்டார்: பனாமா, பெலீஸ், நெவிஸ், குக் தீவுகள், செஷல்ஸ், கொமொரோஸ். ஒவ்வொரு நாட்டுக்கும் ரகசியம், வரி, வேகம், குறைந்தபட்ச டெபாசிட் என்று கட்டம் கட்டி நட்சத்திரம் போட்டிருந்தது. கொமொரோஸுக்கு எல்லாக் கட்டத்திலும் ஐந்து. "உங்களுக்கு எந்த நாடு ஒத்துவரும்னு நீங்களே முடிவு பண்ணுங்கண்ணா, நான் எதையும் தள்ளிவிட மாட்டேன்" என்றார்.

அந்த அட்டவணைதான் வலை. மூன்று வாரம் ஆர்டரைக்கூடக் கவனிக்காமல் நாடுகளைப் பற்றிப் படித்தேன். குக் தீவுகளின் டிரஸ்ட் (சொத்தை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாடு) சட்டம் 1984இல் வந்தது, நெவிஸில் கம்பெனிச் சட்டம் எப்படி என்றெல்லாம் மைத்துனனுக்குப் பாடம் எடுக்கும் அளவுக்கு ஆகிவிட்டேன். நாட்டைப் பெண் பார்ப்பது போல் பார்த்தேன், வங்கியின் ஜாதகத்தைக் கேட்கவே இல்லை. குக் தீவுகள் பெரிய பணக்காரர்களுக்கு, நமக்கு ஏற்றது கொமொரோஸ் என்று கடைசியில் 'நானே' முடிவெடுத்தேன். அவர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆலோசனைக் கட்டணம் 2,500 டாலர். அப்புறம் டெபாசிட் 38,000. இதை முறையாக என் வங்கி வழியாகத்தான் அனுப்பினேன். ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒரு தனிநபர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல், 7 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி அனுப்பினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்தார்கள், பிறகு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது அந்த வரம்பு 10 லட்சம். நான் அனுப்பியது நவம்பரில். கிட்டத்தட்ட 5 லட்சம் பிடித்தம். "படிவத்துல ஆலோசனைக் கட்டணம்னு பர்ப்பஸ் கோடு போட்டுருங்கண்ணா, அஞ்சு லட்சம் மிச்சம்" என்றார் துபாய்க்காரர். எனக்கும் ஆசைதான். வங்கியில் இருந்த மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. டெபாசிட் என்றால் டெபாசிட் என்றுதான் போடுவேன் என்று நின்றார்.

அவரே இன்னொன்றும் கேட்டார். "சார், பணம் பேங்க்குக்குப் போகுதுன்னா பெனிஃபிஷியரி பேரு பேங்க் பேராத்தானே இருக்கணும்? இது ஏதோ கம்பெனி பேரா இருக்கே, அதுவும் ஐரோப்பாவுல?" நான் துபாய்க்கு போன் போட்டேன். சின்ன நாட்டு வங்கிகளுக்கு டாலரை வாங்கித்தரும் இடைநிலை நிறுவனம் அது, உலகம் முழுக்க இப்படித்தான் என்று பதில் வந்தது. அதையே மேடத்திடம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். உங்களுக்கு வெளிநாட்டு பேங்கிங் தெரியாது என்கிற தொனியில். அவர் ஒன்றும் பேசாமல் ஃபைலை நகர்த்தினார். போனது போனதுதான், ஆனால் அந்த மேடத்திடம் அப்படிப் பேசியது பணம் போனதைவிட அதிகமாக வலிக்கிறது.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது இப்போது புரிகிறது. டாலர் எங்கே போனாலும் அது பெரும்பாலும் அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய வங்கி வழியாகத்தான் நகரும், கரஸ்பாண்டன்ட் வங்கி என்பார்கள். எந்த வங்கி உங்களுக்கு கரஸ்பாண்டன்ட் என்று கேட்டால் உண்மையான வங்கி ஒரு நிமிடத்தில் பெயர் சொல்லும். என் 'வங்கி'க்கு அப்படி யாரும் இல்லை. அதனால்தான் வேறு கம்பெனி பெயரில் கணக்கு.

ஆறு மாதம் எல்லாம் அருமை. லாகின் போட்டால் இருப்பு தெரியும், 7 சதவீத வட்டி ஏறுவது தெரியும். 2024 மே மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று 5,000 டாலர் திருப்பிக் கேட்டேன். பணத்தின் மூலத்தைச் சரிபார்க்கும் சான்றிதழுக்கு 1,200 டாலர் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அடுத்து அந்த நாட்டு வரி 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்டு என்றார்கள். அட்டவணையில் வரி பூஜ்யம் என்று போட்டு அதற்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தீர்களே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு வாரத்தில் லாகின் பக்கமே திறக்கவில்லை. துபாய்க்காரரின் வாட்ஸ்அப்பில் என் செய்திகளுக்கு ஒரு டிக் மட்டும்.

அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கொமொரோஸ் என்பது மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் நடுவில் உள்ள தீவு நாடு. அஞ்சுவான், ம்வாலி என்று அதில் தன்னாட்சி உள்ள தீவுகள் இருக்கின்றன. அந்தத் தீவுகளின் பெயரில் வங்கி 'லைசென்ஸ்' விற்கப்படுகிறது. ஆனால் வங்கி நடத்த அனுமதி கொடுக்கும் அதிகாரம் தனக்கு மட்டுமே உண்டு, தீவுகளின் பெயரில் வரும் அனுமதி செல்லாது என்று கொமொரோஸ் மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. எனக்குக் காட்டிய லைசென்ஸில் முத்திரை, கையெழுத்து, கியூஆர் கோடு எல்லாம் இருந்தன. கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் அவர்களே நடத்தும் இணையப் பக்கம் திறந்து 'செல்லும்' என்று காட்டும். மத்திய வங்கியின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். மூன்று வாரம் படித்தவன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

லைசென்ஸ் உண்மையாக இருந்தாலே போதும் என்றும் சொல்ல வரவில்லை. ஆன்டிகுவாவில் ஆலன் ஸ்டான்ஃபோர்டின் வங்கிக்கு லைசென்ஸ் இருந்தது. 2009இல் அது விழுந்தபோது சுமார் 700 கோடி டாலர் மோசடி என்று வெளிவந்தது. அவருக்கு 110 வருடம் சிறை. அந்த வங்கியைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரியே லஞ்சம் வாங்கியிருந்தார். சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்து நாடு. அங்கேயும் 2013இல் பெரிய வங்கியில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் மேல்தொகையில் 47.5 சதவீதத்தை எடுத்து வங்கிப் பங்காக மாற்றிக் கையில் கொடுத்தார்கள்.

இனி எங்கள் ஆடிட்டர் கதை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்று ஆரம்பித்தவர், வெளிநாட்டுக் கணக்கைப் பற்றி ரிட்டர்னில் காட்டத் தேவையில்லை என்று துபாய்க்காரர் சொன்னதைக் கேட்டதும் எழுந்தே விட்டார். 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி வெளிநாட்டுக் கணக்கைக் காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம். பணம் நேர்மையாக வரி கட்டிச் சம்பாதித்ததாக இருந்தாலும் அபராதம் அபராதம்தான். 2024 அக்டோபரிலிருந்து 20 லட்சத்துக்குள் இருக்கும் வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, என் தொகை அதைத் தாண்டியது. நல்லவேளை, அந்த வருட ரிட்டர்ன் இன்னும் தாக்கல் செய்யவில்லை. இல்லாத வங்கியில் இருந்த பணத்தை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் அட்டவணை எஃப்ஏவில் எழுதிக் கொடுத்தோம். டிசிஎஸ் 5 லட்சம் வருமான வரியில் கழிந்தது. மேடம் புண்ணியம்.

பாதுகாப்பு என்ற விஷயத்திலும் ஆடிட்டர் என்னை விடவில்லை. கியாரண்டி கொடுத்தவன் கடன் கொடுத்தவரை ஏமாற்றப் பணத்தை நகர்த்தினான் என்று கோர்ட் நினைத்தால் அந்த மாற்றத்தை ரத்து செய்யலாம். அமெரிக்காவில் ஒரு தம்பதி குக் தீவுகள் டிரஸ்டில் பணத்தைப் போட்டிருந்தார்கள். திருப்பிக் கொண்டுவா என்று நீதிபதி சொன்னார், எங்கள் கையில் இல்லை என்றார்கள், கோர்ட் அவமதிப்பு என்று உள்ளே போட்டார். 1999இல் மேல்கோர்ட்டும் அது சரி என்றது. தீவு தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஆட்கள்தான் ஜெயிலில்.

சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் செய்தேன், சைபர் கிரைம் தளத்திலும் புகார் கொடுத்தேன். வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, கணக்கு மூடப்பட்டது, இருப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் வாரம் ஒருவர் கூப்பிடுகிறார், போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு என்று. என் பெயரும் நான் இழந்த தொகையும் அவர்களுக்குச் சரியாகத் தெரிகிறது. யார் விற்றார்கள் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

போன மாதம் ஈரோட்டு நண்பர் ஒருவர் ஒரு கூட்டத்து அழைப்பை எனக்கு அனுப்பி, போகலாமா என்று கேட்டார். அதே அட்டவணை, அதே எழுத்துரு. ஐந்து நாடுகள் அப்படியே இருந்தன. கொமொரோஸை மட்டும் எடுத்துவிட்டு அந்த வரிசையில் வேறொரு தீவைப் போட்டு, எல்லாக் கட்டத்திலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.